பாஞ்சாலை கொல்லையின் வேர்முடிச்சு

நெல்லிமரத்தூரில் மண் திருடுவது பெரிய குற்றம். நகை திருடியவன்கூட நகையைத் திருப்பிக் கொடுத்துக் காலில் விழுந்து தப்பிக்கலாம். அடுத்தவர் கொல்லையிலிருந்து விதைப்புக்கு முன்னால் ஒரு பிடி மண் அள்ளித் தன் கொல்லையில் போட்டுக்கொண்டால், அந்த வருஷ விளைச்சல் முழுவதும் கூடவே வந்துவிடும் என்பது அங்கே நம்பிக்கை. வந்துவிட்ட விளைச்சலை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அதனால் மன்னிப்பும் கிடையாது. ஜவ்வாது மலைக்கு வேளாண் உதவி அலுவலராக வந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். பாஞ்சாலை மேல் அந்தப் பழி விழுந்தபோது சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

பாஞ்சாலையின் புருஷன் ரங்கசாமி குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறான். அவனுடைய அண்ணன் துரைக்கண்ணு. ஒரே நிலமாக இருந்ததை அண்ணனும் தம்பியும் மேல் கொல்லை, கீழ்க் கொல்லை என்று பிரித்துக்கொண்டார்கள். பிரித்தது நிலத்தை மட்டும் என்றால் பரவாயில்லை. வரப்பில் நிற்கும் புளியமரம் யாருக்கு என்று வாய்த்தகராறு வந்து, அன்றோடு பேச்சும் நின்றுவிட்டது. ‘என் வூட்டுலருந்து ஒரு கை உப்புகூட அந்தண்ட போவக்கூடாது’ என்று துரைக்கண்ணு தன் பெண்சாதி சம்பூர்ணத்துக்கு உத்தரவு போட்டிருந்தார். புளியமரம் பாட்டுக்கு இரண்டு பக்கமும் காய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த ஊருக்குச் சோயாவைக் கொண்டுபோனவன் நான்தான். சாமையும் கொள்ளும் மட்டுமே தெரிந்த மண் அது. சோயா வேரில் முடிச்சு கட்டினால்தான் செடி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும். முடிச்சு கட்ட அதற்கென்று ஒரு கிருமி வேண்டும். அந்தக் கிருமி மலை மண்ணில் இல்லை. அதனால் நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகளையும் வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். ஆறின கஞ்சியில் அந்தக் கறுப்புப் பொடியைக் கலந்து விதையில் பிசறி, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். ஊரில் முன்வந்தவர் துரைக்கண்ணு ஒருவர்தான். இரண்டு பருவம் பாக்கெட் கொடுத்தேன். அதற்குப் பிறகு திட்டம் நின்று போயிற்று, பாக்கெட்டும் வரவில்லை. அவர் மட்டும் தன் விதையையே வைத்துத் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஆடியில் பாஞ்சாலையும் கீழ்க் கொல்லையில் சோயா போட்டாள். விதை ஏது என்று கேட்டதற்குச் சந்தையில் வாங்கினேன் என்றாள். புரட்டாசியில் நான் போய்ப் பார்த்தபோது கண்ணை நம்ப முடியவில்லை. மேல் கொல்லையில் துரைக்கண்ணுவின் செடிகள் மஞ்சக்காமாலை வந்த மாதிரி வெளுத்து நின்றன. வரப்பைத் தாண்டினால் பாஞ்சாலையின் செடிகள் கருகருவென்று இடுப்பளவு. ஒரு செடியைப் பிடுங்கி மண்ணை உதறினேன். வேர் முழுக்கக் கொத்துக் கொத்தாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கீறினேன், உள்ளே இரத்தச் சிவப்பு. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"பாக்கெட் போட்டியாம்மா?"

"எனக்கு யார் சார் பாக்கெட் குடுத்தா? நீங்க குடுத்தீங்களா?" என்றாள் பாஞ்சாலை.

நான் கொடுக்கவில்லை. எனக்கே வருவதில்லை.

வரப்பின் மேலே நின்று துரைக்கண்ணு பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வரவில்லை. அங்கிருந்தே என்னைக் கேட்டார். "சார், அந்தப் பொடி இல்லாம இந்த மண்ணுல முடிச்சு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப அவளுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். அவர் செடி வெளுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் யூரியாவைக் கொட்டியிருந்தார். கையில் சோறு கிடைத்தால் செடி ஏன் கிருமியைக் கூப்பிட்டு முடிச்சு கட்டப்போகிறது? மழை யூரியாவைக் கழுவிக்கொண்டு போனதும் சோறும் இல்லை, முடிச்சும் இல்லை. பிறகு இதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன். விளைச்சல் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும் மனுஷனுக்கு நியாயம் காதில் ஏறாது. அவரைக் கோபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. பாவம், கொல்லைதான் அவருக்கு எல்லாம்.

அடுத்த வாரம் ஊர்க் கூட்டம். ஆடு மேய்க்கும் பெரியவர் சின்னக்குழந்தை சாட்சி சொன்னார். விதைப்புக்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் பாஞ்சாலை மேல் கொல்லை வரப்பிலிருந்து இறங்கிப் போனாளாம். முந்தானையில் எதையோ கனமாக முடிந்து, வயிற்றோடு அணைத்துக்கொண்டு போனாளாம்.

"இன்னா பாஞ்சால, முந்தானைல இன்னா இருந்துச்சு?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர் கோபால்சாமி. ஊருக்குத் தீர்ப்புச் சொல்பவர், நல்ல மனுஷர். குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார்.

பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மண்ணா?"

"மண்ணு இல்லீங்க."

"பின்ன இன்னா?"

"மண்ணு இல்லைன்னு சொன்னேன். அவ்ளோதாங்க சொல்லுவேன்."

எனக்கு அவளை உலுக்க வேண்டும் போல இருந்தது. கீரையோ சுள்ளியோ எதையாவது சொல்லித் தொலைத்தால்தான் என்ன? பெண்கள் பக்கம் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் மட்டும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கோபால்சாமி நெடுநேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கார்த்திகையில் சாமை அறுப்பு முடிந்ததும் காளியம்மனுக்கு ஊர்ப்பொங்கல். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி சாமை வரும், எல்லாம் ஒரே பானையில் விழும். முந்தானையில் இருந்தது என்னவென்று பாஞ்சாலை சொல்லாதவரை அவள் வீட்டுச் சாமை பானையில் விழாது. வெளியூர்க்காரனுக்கு இது ஒரு தண்டனையாகவே தோன்றாது. நெல்லிமரத்தூரில் பானையில் சாமை விழாத வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வராது, சாவுக்கு ஆள் வராது. அந்த வீடு ஊரிலேயே இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் அவள் கொல்லைக்குப் போனேன். களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கிய வேகத்தைப் பார்த்தால் களையோடு மலையையும் பெயர்த்துவிடுவாள் போலிருந்தது.

"ஏம்மா, வாயைத் திறந்து சொல்லிட்டா இன்னா?"

"சொல்ல முடிஞ்சா சொல்ல மாட்டனா சார்? நான் இன்னா ஊமையா?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடகுலருந்து அவரு போன் பண்ணி அழுவறாரு. ஊருக்கே வர மாட்டேன்றாரு. நான் திருடல சார். நீங்களாச்சும் நம்புங்க."

"நம்பறேன்."

"அப்ப அந்த முடிச்சு எப்டி வந்துச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது உங்க வேலதானே?"

அது என் வேலைதான். ஆனால் என் படிப்புக்கு எட்டாத வேலை. கலைவாணிக்குப் போன் போட்டேன். அவளும் எங்கள் அமிர்திப் பக்கத்துப் பெண்தான். மண்ணுக் கிருமிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். ஜவ்வாது மலையில் அவள் தோண்டாத குழி கிடையாது. துரைக்கண்ணுவின் கொல்லையில் நான் முதல் பாக்கெட் போடுவதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்து மண்ணையெல்லாம் எடுத்துப் போய் வைத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணா, ஒரு செடியக்கூட யாரும் பிடுங்கக் கூடாது, நான் வர்றேன்" என்றாள். காவலூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள், கையில் ஐஸ் பெட்டி.

கீழ்க் கொல்லையில் செடிகளைத் தோண்டினாள். மேல் கொல்லையிலும் தோண்ட வேண்டும் என்றதும் துரைக்கண்ணு முறைத்தார். "எடுத்துக்கோங்க. திருட்டு வெளிய வரட்டும்" என்றார். சோயாவே போடாத காட்டோரத்திலும் மண் எடுத்தாள். மேல் கொல்லையில் சம்பூர்ணம் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கலைவாணி குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். எதையோ கேட்க வந்தவள் போலத் தெரிந்தது. கடைசியில், "இதுல எல்லாம் தெரிஞ்சுடுமா பாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"கிருமி எங்கருந்து வந்துச்சுன்னு தெரியும்ங்க."

"வேற ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாதுங்க."

சம்பூர்ணம் சொம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஐப்பசி முழுவதும் ஓடிப் போயிற்று. நான் போன் போட்டபோதெல்லாம், "கிருமிய வளர்க்கணும் அண்ணா, ஒவ்வொண்ணோட மரபணுவையும் படிக்கணும். அவசரப்பட்டா தப்பாயிடும்" என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்குள் இங்கே சாமை அறுத்து, புடைத்து, பொங்கலுக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

பொங்கலன்று காலைதான் கலைவாணி வந்தாள். கோவிலுக்கு எதிரே மூன்று கல் கூட்டிப் பெரிய பானை ஏற்றியிருந்தார்கள். சாமைப் படியோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பாஞ்சாலையும் படியோடு வந்திருந்தாள், வரிசையில் நிற்கவில்லை, ஓரமாக நின்றாள். என்ன துணிச்சல் என்று நினைத்தேன். அவள் படியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

"கவுண்டரே, சாமை போடறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு பேசட்டுங்க" என்றேன். கோபால்சாமி சரியென்று தலையசைத்தார்.

கலைவாணி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"பாஞ்சாலை அக்கா மேல் கொல்லை மண்ணைக் கொண்டாந்து போட்டிருந்தா, அங்க இருக்கற கிருமிங்க இவங்க வேர்ல இருக்கணும். தேடிப் பார்த்தேன். இல்ல. இவங்க வேர்முடிச்சுல இருக்கறது எல்லாம் கீழ்க் கொல்லையோட சொந்தக் கிருமிங்க. பாக்கெட்டு வர்றதுக்கு முன்னாடி நான் எடுத்த மண்ணுலயே அதுங்க இருந்துச்சு. ஆனா அப்போ அதுங்களுக்கு முடிச்சு கட்டத் தெரியாது. காட்டோரத்துல இருக்கற அதே சாதிக் கிருமிங்களுக்கு இப்பவும் தெரியாது."

"இப்போ மட்டும் எப்டிமா தெரிஞ்சுது?" என்று கேட்டார் கோபால்சாமி.

"பாக்கெட்டுக் கிருமி கத்துக் குடுத்துச்சுங்க." எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கலைவாணியும் சிரித்தாள். "நெசமாங்க. கிருமிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்கும். ஒண்ணு சன்னமா ஒரு குழாய் மாதிரி நீட்டும். தன்கிட்ட இருக்கற மரபணுவுல ஒரு துண்டை நகல் எடுத்து அந்தண்ட அனுப்பும். அந்தத் துண்டுலதான் முடிச்சு கட்டற வித்தை இருக்கு. வாங்கிக்கிட்ட கிருமிக்கும் அந்த வித்தை வந்துரும். தன் புள்ளைக்குத்தான் குடுக்கணும்னு இல்ல, பக்கத்துல இருக்கற வேத்துக் கிருமிக்கும் குடுக்கும். ஒரு போன்லருந்து இன்னொரு போனுக்குப் பாட்டு அனுப்பறோம் இல்ல? அனுப்பினவங்க போன்லயும் பாட்டு இருக்கும்."

"மேல இருக்கறது கீழ எப்டி வந்துச்சு? வரப்பு இருக்குதே?" என்றார் சின்னக்குழந்தை.

"வரப்பு நமக்குத்தாங்க. மழைத் தண்ணி மேலருந்து கீழதான் ஓடுது. ரெண்டு கொல்லைக்கும் ஒரே கூலி ஏருதான் போவுது, கொழுவுல மண்ணு ஒட்டிக்கினு போவுது. வருஷா வருஷம் நாலு கிருமி வந்திருக்கும். வந்ததுங்க புது எடத்துல பொழைக்கல. ஆனா போறதுக்குள்ள இங்க இருந்ததுங்களுக்குக் குடுத்துட்டுப் போயிருக்கு. இது பல மழைக்காலமா நடந்தது. விதைப்புக்கு முந்தின நாள் ஒரு புடி மண்ணு போட்டு இது நடக்காது."

துரைக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகம் கறுத்திருந்தது. "எப்டி வந்தா இன்னா? வித்தை என் பாக்கெட்டுதுதானே? என் கொல்லைலருந்துதானே போச்சு? அப்ப என்னுது கொறைஞ்சுதான் போச்சு."

"கொறையலங்க" என்றாள் கலைவாணி மெதுவாக. "குடுத்ததால ஒண்ணும் கொறையாது. இன்னொண்ணு சொல்லணும். உங்க கொல்லையிலயும் இப்போ பாக்கெட்டுக் கிருமி இல்ல. இந்த மலை வெயிலுக்கும் குளிருக்கும் அது தாங்கல. உங்க வேர்ல இருக்கற கொஞ்சநஞ்ச முடிச்சும் உங்க சொந்த மண்ணுக் கிருமி கட்டினதுதான். அதுவும் வாங்கிக் கத்துக்கிட்டதுதான். பாக்கெட்டுக் கிருமி குடுக்காம கட்டி வச்சிருந்தா, ரெண்டு கொல்லையிலயும் இன்னிக்கு முடிச்சே இருக்காது."

துரைக்கண்ணு மேல் கொல்லை இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு பருவமே கையை விட்டுப் போன மனுஷன், அதற்கு ஒரு திருடியாவது கிடைத்தாள் என்று ஆறுதலில் இருந்தார். அந்த ஆறுதலையும் இந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாள்.

கோபால்சாமி தொண்டையைச் செருமினார். "மண்ணு எடுக்கலைன்னு ஆயிடுச்சு. நல்லது. ஆனா நான் சொன்னது ஒரு வார்த்த. முந்தானைல இன்னா இருந்துச்சுன்னு அது சொல்லட்டும். சொல்லிட்டு ஒரு படிய கொட்டட்டும்."

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவ்வளவு சொன்ன பிறகும் முந்தானையா? ஆனால் எல்லோர் கண்ணும் பாஞ்சாலை மேல் திரும்பிவிட்டது. அவள் படியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பானையைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த ஆசையை என்னால் சொல்ல முடியாது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நான் வூட்டுக்குப் போறேங்க" என்று திரும்பினாள்.

"நில்லுடி!"

வரிசையிலிருந்து சம்பூர்ணம் வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் பானையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"விதைங்க. சோயா விதை. நான்தான் குடுத்தேன். புளியமரத்தடிக்கு வரச்சொல்லி, நான்தான் அவ முந்தானைல கொட்டிக் கட்டி வுட்டேன். எங்க வூட்டுக்காரரு ஒரு கை உப்புகூடக் குடுக்கக் கூடாதுன்னாரு. நான் விதை குடுத்தேன். அது தெரிஞ்சா என்ன வூட்ட விட்டுத் தொரத்திடுவாருன்னு இவ இத்தினி நாளா வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. அவ பயந்தது எனக்கோசரம். நான் பயந்ததும் எனக்கோசரம்தான்." பாஞ்சாலை பக்கம் திரும்பினாள். "அந்தக் கிருமிக்கு இருக்கற மனசுகூட எனக்கு இல்லாமப் போச்சே."

பாஞ்சாலை ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்கா சொன்ன? ஏங்கா?" என்று அழுதாள். எல்லோரும் துரைக்கண்ணுவைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கத்துவார், அல்லது கையை ஓங்குவார் என்று பயந்து ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அவர் கத்தவில்லை. பெண்சாதியைப் பார்த்தார். பிறகு, பாகம் பிரித்த நாளிலிருந்து ஏறெடுத்துப் பார்க்காத தம்பி பெண்சாதியைப் பார்த்தார்.

"நீ யூரியா போடலியா?" என்று கேட்டார்.

பாஞ்சாலைக்கு முதலில் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல மாமா. அக்கா போடாதன்னு சொல்லிச்சு. நீங்க சார் பேச்சக் கேக்காமப் போட்டு, செடி கெட்டுப் போவுதுன்னு முன்ன வருஷமே பாத்துச்சாம்."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னேன்" என்றாள் சம்பூர்ணம். "நீங்க கேக்கல."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். துரைக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதிக நேரம் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டபோது கண் சிவந்திருந்தது.

"அறுப்பு முடிஞ்சதும் கொஞ்சம் விதை எடுத்து வையி" என்றார் பாஞ்சாலையிடம். "என்னுதுல இந்த வருஷம் விதைக்குக்கூடத் தேறாது."

"சரிங்க மாமா."

"முந்தானைல வாணாம். மூட்டையாவே கொண்டாந்து வூட்டுல போடு."

கோபால்சாமி பானைப் பக்கம் கையைக் காட்டினார். பாஞ்சாலை நகரவில்லை. சம்பூர்ணம் அவள் கையிலிருந்த படியை வாங்கித் தன் படியோடு சேர்த்துப் பிடித்து, இரண்டையும் ஒன்றாகப் பானையில் கவிழ்த்தாள். எந்தச் சாமை யாருடையது என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.